யுவஸ்ரீயின் பகல் நட்சத்திரம்

யுவஸ்ரீக்குச் சந்தேகப்படுவதுதான் வேலை. கோவையில் ஒரு கல்லூரியில் வான் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து, அதில் நட்சத்திரத்தினுடையது எது, நம்ம ஊர்ச் சாமானுடையது எது என்று பிரிக்க வேண்டும். லேசுப்பட்ட காரியமில்லை. கிரைண்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், வெல்டிங் பட்டறை என்று எல்லாமே அந்தக் கருவியில் வந்து கரகரக்கும். போன வருஷம் அவள் கண்டுபிடித்த முதல் 'நட்சத்திரம்', துடியலூரில் ஒரு வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தது. லேப் கூட்டாளி ஜெரோம் பிடித்ததோ அவனுடைய பைக்கேதான். இரண்டையும் படமெடுத்து, பரிசு வாங்கினவர்கள் மாதிரி சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சொந்த ஊரான வெள்ளகோவிலுக்குப் போனால், "படிப்பு எப்பக் கண்ணு முடியும்?" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். சூரியன் எப்போது அணையும் என்று கேட்டால்கூட ஒரு கணக்குச் சொல்லிவிடுவாள். இதற்கு மட்டும் கணக்கு வராது.

டவுனின் கரகரப்புத் தாங்காமல், தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம், ஜெரோமின் சித்தப்பா குத்தகைக்குப் பார்க்கும் தென்னந்தோப்பில் ஆன்டெனாவை நட்டார்கள். நாலு கம்பம், கொஞ்சம் ஒயர், ஒரு லேப்டாப். ரேடியோ அலைக்குப் பகல் இரவு என்ற பேதமில்லை. அதனால் மத்தியானத்திலேயே போய் உட்கார்ந்துவிடுவாள்.

அங்கேதான் அது வந்தது. டக், டக், டக் என்று ஒரே சீரான துடிப்பு. சுற்றிக்கொண்டே அலை வீசும் நட்சத்திரங்கள் உண்டு. அவை இப்படித்தான் துடிக்கும். உண்மையான நட்சத்திரம் என்றால் இன்னொரு குணமும் இருக்கும். நேற்றைவிட இன்றைக்கு நாலு நிமிஷம் முன்னாடியே உதிக்கும். யுவஸ்ரீயும் தினம் நாலு நிமிஷம் முந்திப் போனாள். அதுவும் நாலு நிமிஷம் முந்தியே வந்தது.

கைடு மனோஜ்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. இதையே காட்டிரும்மா" என்றார். அவள் ஆராய்ச்சி தொடருமா, அதோடு நின்றுபோகுமா என்று அந்தக் கமிட்டிதான் சொல்ல வேண்டும். நட்சத்திரம் என்று காட்டி, அது கிரைண்டராகப் போனால், அப்புறம் அவள் எதைக் காட்டினாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அவளுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. இந்த நட்சத்திரம் ரொம்ப மரியாதை தெரிந்ததாக இருக்கிறது. அவள் வந்து, ஒயரை மாட்டி, லேப்டாப்பைத் திறக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அப்புறம் வருகிறது. மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு பார்த்து வரமாட்டார்கள்.

புதன்கிழமை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பினாள்.

"நட்சத்திரத்துக்கே பரிட்சை வெக்கறயா?" என்றான் ஜெரோம்.

"கம்முனு வண்டிய ஓட்டு."

ஒயரை மாட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக், டக், டக்.

"வந்துருச்சு!" என்று குதித்தான் ஜெரோம்.

"வரக்கூடாது ஜெரோம்." கடிகாரத்தைக் காட்டினாள். "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அது உதிக்கோணும்."

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துத் தோட்டத்தில், யானைக்குப் போட்ட, விட்டு விட்டுக் கரண்டு அடிக்கும் சோலார் வேலிக்கு அந்தப் பக்கம், தென்னைமர மறைவில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. தோட்டக்காரர் தம்பிதுரை.

"ஏனுங்கண்ணா, இப்ப ஏதாச்சும் சுவிட்சு போட்டீங்களா?"

"போட்டா என்ன? என்ர தோட்டம், என்ர வேலி."

"பட்டப்பகல்ல யானை வருமுங்களா?"

"யானை வராது. நீங்க வர்றீங்கல்ல? உங்க வண்டியப் பாத்தாப் போடுவேன், போனா நிறுத்திருவேன். எனக்கு இப்ப இதே சோலியாப் போச்சு." மரத்தை விட்டு வெளியே வந்தார். "எங்க நெலத்த யாருக்கு அளக்கறீங்க? கரண்டு டவருக்கா, கேஸ் பைப்புக்கா?"

"நட்சத்திரம் பாக்கறமுங்க."

தம்பிதுரை மேலே பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. "அம்மணி, நான் நாலாப்புதான் படிச்சிருக்கறன். ஆனா நட்சத்திரம் எப்ப வருமுன்னு எனக்குத் தெரியும்."

ஜெரோம் சிரித்துத் தொலைத்தான். அவர் முகம் இன்னும் இறுகிப்போனது.

"ஒரே ஒருக்கா நிறுத்திப் பாருங்கண்ணா. என்ர படிப்பே இதுலதான் இருக்குதுங்க."

"நிறுத்துனா உள்ள வந்து அளந்து கல்லு நடறதுக்கா?" யோசித்தார். "ஈடா அந்தப் பையனோட பைக்குச் சாவியக் குடுக்கச் சொல்லு."

சாவி வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வேலியை நிறுத்தினார். திரையில் துடிப்பு நின்றது. போட்டார், துடித்தது. மறுபடி நிறுத்தினார், நின்றது. யுவஸ்ரீக்கு அழுகை ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம்.

"அப்ப நானு போட்டா நட்சத்திரம் உதிக்குது, நிறுத்துனா மறையுதா?"

"ஆமாங்கண்ணா."

"இதுக்குச் சம்பளமெல்லாம் உண்டா?"

கைடுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர், "எனக்கும் ஆரம்பத்துலருந்தே ஒரு டவுட்டு இருந்துச்சும்மா" என்றார்.

"இருந்துச்சுங்களா சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் வேலியில் கரண்டு போட்டபோது எடுத்த சிக்னல் படம் ஒன்று, நிறுத்தினபோது எடுத்த படம் ஒன்று என்று இரண்டையும் வைத்தாள். ஒளிக்கவில்லை. "ஒரு மணி நேரம் முன்னாடி போகணும்னு ஏன் தோணுச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் வர்றதுக்குன்னே காத்துட்டிருந்த மாதிரி இருந்துச்சுங்க சார். வானத்துக்கு என்னையத் தெரியாதுங்களே."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு வருஷம் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இதுவரை பிடித்த சிக்னல் அத்தனையையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேதான் எழுதினார்கள்.

திங்கட்கிழமை மறுபடி தோப்புக்குப் போனாள். தம்பிதுரை வேலியை நிறுத்தி வைத்திருந்தார். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு, கல் ஏதாவது நடுகிறாளா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வெறும் இரைச்சல்.

"இன்னைக்கு ஒண்ணும் உதிக்கலயா?"

"இல்லீங்கண்ணா."

"அப்பச் சரி" என்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.