பெட்டி இருந்த மூலை

நான் முயல் வளர்க்கிறேன் என்றதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்போது பிரியாணி? துபாயில் ஜெபல் அலி கிடங்கில் என்னோடு வேலை செய்யும் டிரைவர்கள் கேட்டார்கள். கராமாவில் நான் இட்லி வாங்கும் ஹோட்டல் கல்லாவில் இருப்பவர் கேட்டார். ஊரிலிருந்து தம்பியும் கேட்டான். முதல் இரண்டு நாள் சிரித்து வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு டிரைவரிடம், "உங்க வீட்டுல பிள்ளை பொறந்தப்போ யாராச்சும் இப்படிக் கேட்டாங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். அதோடு கிடங்கில் அந்தப் பேச்சு நின்றது. என் வாய் அப்படி. நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, இனி அது மாறப்போவதில்லை.

முயலை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த ஒரு குடும்பம் விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊரோடு போனது. சோபா, கட்டில், டிவி எல்லாம் விலைபோனது. மிஞ்சியது முயல்தான். கூண்டோடு லிஃப்ட் பக்கத்தில் வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். வேலை முடிந்து வந்த நான் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. திரும்பக்கூட இடமில்லாத கூண்டு. "லே ஜாவ் மேடம், நஹி தோ கச்ராவாலா லே ஜாயேகா" என்றார் வாட்ச்மேன். எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் குப்பைக்காரன் எடுத்துப் போவான். ஒரு உயிரைக் கிழிந்த தலையணை மாதிரி விட்டுப் போனவர்கள் மேல் வந்த கோபத்தில்தான் கூண்டைத் தூக்கினேன். பாசமெல்லாம் பிறகு வந்தது.

நான் இருப்பது பெண்கள் மட்டும் தங்கும் ஃபிளாட். வாடகை ஒப்பந்தம் நாகூர்க்கார அம்மா ஒருவர் பெயரில் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது, கீழ்த்தெருவில் தையல் கடை, ஃபிளாட்டில் எல்லாருக்கும் அவர் அக்கா. குளியலறைக் கதவில் யார் எத்தனை மணிக்கு என்று அவர் கையால் எழுதிய அட்டவணை தொங்கும். அதை மீறி யாரும் பல்கூட விளக்க முடியாது. ஹாலைப் பலகையால் தடுத்த ஒரு பாகம் என்னுடையது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஆள் நின்று சேலை கட்டுமளவு தரை. கட்டிலின் கால்மாட்டில், பலகையை ஒட்டிய மூலையில், என் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் அறை எதில் நுழைந்தாலும் அப்படி ஒன்றைப் பார்க்கலாம். லீவு முடிந்து வந்த மறுவாரமே அது அடுத்த லீவுக்காக வாயைத் திறந்துவிடும். எங்கே தள்ளுபடி போட்டாலும் ஒரு சோப்பு, ஒரு செண்ட் பாட்டில், ஒரு பால் பவுடர் டப்பா, பேரீச்சம்பழம், பாதாம் என்று போட்டுக்கொண்டே இருப்போம். பதினோரு மாதம் அது நிறையும், பன்னிரண்டாம் மாதம் ஊரில் முக்கால் மணி நேரத்தில் காலியாகும். பன்னிரண்டு வருஷமாக என் அறையின் நல்ல மூலை அந்தப் பெட்டிக்குத்தான். அதை நகர்த்தலாம் என்ற எண்ணம்கூட எனக்கு வந்ததில்லை. சாமிப் படத்தையாவது இரண்டு முறை இடம் மாற்றியிருக்கிறேன்.

முயலைக் கூண்டிலிருந்து அவிழ்த்துவிட்ட நான்காம் நாள் அக்கா என் கதவைத் தட்டினார். பலகைக்கு அடியில் ஈரம் ஒழுகி, ஹாலில் அவர் அரிசி மூட்டை வைத்திருக்கும் இடம் வரை வந்துவிட்டது.

"ஏம்மா, இது பொம்பளைங்க குடியிருக்குற வூடா, மாட்டுக் கொட்டகையா?"

"தொடச்சிடுதேன்க்கா."

"தொடச்சா வாடை போவுமா? இந்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயித்துக்கெழம வர பொறுப்பேன். அதுக்கப்புறம் தரையில ஒரு சொட்டு பாத்தாலும் அது போயிடணும். அது போவலன்னா நீ போவணும்."

"அது போனா நானும் போறேன்க்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. வேறு ஃபிளாட் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். ஒன்பது நாள் இருந்தது. முயலுக்கு ஒரு கழிப்பறை வைத்து, அதில் போகப் பழக்கியாக வேண்டும். கிடங்கில் நாற்பது டிரைவர்களை வரிசையில் நிற்கப் பழக்கியவள் நான். இரண்டு கிலோ முயலிடம் தோற்கக் கூடாது என்று வீம்பு பிடித்துக்கொண்டது.

செல்லப் பிராணிக் கடையில் பூனைக்கான தட்டும் பூனை மணலும் கொடுத்தார்கள். முயலுக்கும் இதுதானா என்று கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் என்றான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து கொட்டியதும் முயல் அந்த மணலை நறுக் நறுக்கென்று தின்னத் தொடங்கியது. வாயில் விரலை விட்டு எடுத்தேன், கடித்தது. ஈரம் பட்டால் கட்டியாகிற மணல், வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? பையோடு திருப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரனின் மேசை மேல் வைத்து, "நீ தின்னு பாரு முதல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

பிறகு போனில் வீடியோ பார்த்தேன். மரத்தரை போட்ட பெரிய வீடுகளில் வெள்ளைக்காரப் பெண்கள் முயலோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டில் காகிதத் துண்டுகள் போடுங்கள், மேலே காய்ந்த புல் வையுங்கள், முயல் தின்றுகொண்டே மூத்திரம் போகிற ஜாதி என்றார்கள். அது எங்கே போகிறதோ அங்கேயே தட்டை வையுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் கிடங்கில் பெட்டிகளுக்கு இடையில் திணிக்கிற பழுப்புக் காகிதம் மலைபோலக் குப்பைக்குப் போகும். ஒரு பை நிறையக் கொண்டுவந்து கிழித்துப் போட்டேன். புல் வாங்கி வைத்தேன். தட்டைக் கதவோரம் வைத்தேன்.

முயல் அதில் ஏறிப் படுத்துத் தூங்கியது. எழுந்து, நிதானமாக நடந்து, பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்து, மூத்திரம் போய்விட்டு வந்து, மறுபடியும் தட்டில் படுத்தது.

மறுநாள் தட்டை அலமாரிப் பக்கம் நகர்த்தினேன். காகிதத்தை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பெட்டிப் பக்கம் போனது. தலைமாட்டில் வைத்தேன். பெட்டிப் பக்கம் போனது. பெட்டியை இடுக்கில்லாமல் பலகையோடு ஒட்டித் தள்ளினேன், பெட்டி மேலேயே போனது. வாடை பற்றிய பயத்தில் நான் வேறு தட்டைத் தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த நெடிக்கு நானே தும்மினேன். முயல் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓடியது.

"எவ்வளவு கொழுப்பு ஒனக்கு!" என்று அதனிடம் கத்தினேன். பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா கனைத்தார்.

சனிக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து முயலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் இந்நேரம் நானும் அதுவும் கூண்டும் தெருவில் நிற்போமோ என்று அழுகை முட்டியது. அப்போதுதான் தம்பியிடமிருந்து குரல் செய்தி வந்தது. லீவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "யக்கா, லிஸ்ட்டு அனுப்பிருக்கேன், பாத்தியா? போன வாட்டி கொண்டாந்த போர்வை நல்லாருந்துன்னு இவ சொல்லுதா, இன்னும் ரெண்டு வேணுமாம். செண்டு அந்தச் சின்ன பாட்டில் வேண்டாம், பெருசு." நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பான் என்று கடைசி நொடி வரை காத்திருந்தேன். செய்தி முடிந்துவிட்டது.

முயல் பெட்டிப் பக்கம் நடந்தது. அது எங்கே போகிறதோ அங்கேயே தட்டை வையுங்கள். முதல் நாளே கேட்ட விஷயம். மூன்று இடம் மாற்றிப் பார்த்தேனே, அந்த ஒரு மூலையில் வைக்கத் தோன்றியதா? மூலை பெட்டியுடையது. அறை என்னுடையது என்று பேரே தவிர, நானே பெட்டிக்கு இடம் கொடுத்து ஒதுங்கிப் படுக்கிறவள்தான். இந்த முயல் வந்து பத்து நாளில் கண்டுபிடித்த நல்ல மூலையை நான் பன்னிரண்டு வருஷமாகச் சோப்புக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்த கோபம் தம்பி மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெட்டியைக் கட்டில் மேல் தூக்கிப் போட்டுத் திறந்தேன். சோப்புகளை எடுத்துக் குளியலறையில் எல்லாருக்கும் பொதுவாக அடுக்கினேன். பால் பவுடரும் பாதாமும் சமையலறைக்குப் போயின. பெரிய செண்ட் பாட்டிலைப் பக்கத்து அறை மலையாளி நர்ஸிடம் கொடுத்தேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றேன். அடியில் கம்பளிப் போர்வை ஒன்று, உறைகூடப் பிரிக்காமல். ஏசிக் குளிரில் நான் பழைய சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்கிறவள். உறையைக் கிழித்தேன். ஈரம் ஊறி நாறிப்போன காலிப் பெட்டியைக் கொண்டுபோய் லிஃப்ட் பக்கத்தில் வைத்தேன். வாட்ச்மேன் ஏதோ கேட்க வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மூலையைக் காகிதத்தால் துடைத்து, தட்டை வைத்து, தன் வாடை அதற்குத் தெரியட்டும் என்று அந்த மூத்திர ஈரத்தில் நனைந்த காகிதம் கொஞ்சம் உள்ளே போட்டேன். இந்த முறை ஃபினாயில் இல்லை. ஒரு ஓரத்தில் புல். முயல் வந்தது, முகர்ந்தது, ஏறியது, புல்லைக் கடித்துக்கொண்டே அதிலேயே மூத்திரம் போனது. பதினைந்து விநாடி இருக்கும். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பரிசு வாங்கிய பிள்ளையைப் பார்த்துக்கூட யாரும் அப்படி அழுதிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பலகை ஓரம் விரலால் தடவி முகர்ந்தார். முயல் தட்டில் உட்கார்ந்து புல்லை மென்றுகொண்டு அவரையே பார்த்தது.

"இங்கன ஒரு பொட்டி இருந்திச்சே?"

"இருந்திச்சு."

அக்கா சமையலறையில் குவிந்திருந்த பால் பவுடரைப் பார்த்திருப்பார். அவருக்கும் அவர் அறையில் ஒரு பெட்டி உண்டு, என்னுடையதைவிடப் பெரியது. கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாடை இல்ல, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் குளியலறைக் கதவில் புது அட்டவணை தொங்கியது. என் பெயருக்குக் கீழே, முயல் தட்டுக் கழுவ, பத்து நிமிஷம்.

தம்பிக்குப் போன் செய்தேன். "ஏல, இந்த வாட்டி பெட்டி இல்ல. நான் மட்டும் வாரேன்." சிரித்தான். "எதுக்குக்கா, முயல் தின்னுட்டுதா?" என்றான். இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். சரி சரி என்று வைத்துவிட்டான்.

லீவுக்குக் கிளம்பிய அன்று முயலை அக்காவிடம் விட்டேன். தோளில் ஒரு பை, அதில் மூன்று சேலை. துபாய் விமான நிலைய வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டிகளோடு எடை கூடிவிடுமோ என்று பதறி நின்றார்கள் எங்கள் ஆட்கள். நான் கைவீசி நடந்தேன்.

மதுரையில் தம்பி வெளியே காத்திருந்தான். பெட்டிகள் ஏற்றுவதற்கென்று பின்பக்கம் இடமுள்ள பெரிய வண்டி பிடித்து வந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையசைத்தான். உடனே அவன் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது.

"பெட்டி பெறத்தால வருதாக்கா?"

"பெட்டி இல்லன்னு சொன்னேம்லா."

"சும்மா சொல்லுதன்னுல்லா நெனச்சேன்."

அப்போதும் என் தோளுக்குப் பின்னால் தள்ளுவண்டியைத் தேடிக்கொண்டுதான் இருந்தான். நான் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"ஏல, இங்க பாரு. வந்திருக்கது நான்."