தெரேசம்மாக்கா அடுக்கிய வரவேற்புத் தட்டு

எங்கள் தோட்டத்தில் கல்யாணமோ சடங்கோ, வெற்றிலைத் தட்டைத் தெரேசம்மாக்காதான் அடுக்க வேண்டும். வேறு யாராவது கை வைத்தால் அன்றைக்கு லயத்து வீடுகளில் சண்டை நிச்சயம். றப்பர் பால் வெட்டும் அந்தக் கைக்கு வெற்றிலைக் காம்பு கிள்ளுவதில் அப்படியொரு நேர்த்தி. அவருடைய வாயைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. கன்னத்தின் உட்புறம் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. மகள் மெரினா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "கொச்சிக்காக் காரம்டி, போயி வேலையப் பாரு" என்று மிளகாயின் மேல் பழியைப் போட்டு விரட்டுவார். டாக்டர் வெற்றிலையை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவருடைய பயமெல்லாம்.

போன மாதம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். புகையிலையைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். அது புளத்கொகுபிட்டிய டவுனைத் தாண்டி எங்கள் மலைக்கும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஜெனீவாவிலிருந்து கிளம்பி வேனில் வந்து இறங்கப்போகிறார்கள் என்றார்கள். 'சரி' என்பதைச் சிங்களத்தில் 'ஹரி' என்றே சொல்லும் நலன்புரி அதிகாரி தனுஜா மிஸ் முன்கூட்டியே எச்சரித்தார்.

"தெரேசம்மா, சிகரெட், பீடி, சுருட்டு ஒண்ணும் அவங்க கண்ணுல படக்கூடாது. ஹரிதானே?"

"ஹரி மிஸ். நான் பாத்துக்கிறேங்க."

பார்த்துக்கொண்டார். கடையில் இருந்த பீடிக்கட்டுகளை ஒளித்துவைக்கச் சொல்லி முதலாளியின் உயிரை எடுத்தார். கிருஷ்ணராஜ் கங்காணியின் வாயிலிருந்தே சுருட்டைப் பிடுங்கினார். பிறகு, விருந்தாளிக்குக் குறை வைக்கலாமா என்று தட்டை அடுக்கினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுநாயகமாக முதல்தரப் புகையிலை. அது இல்லாத தட்டை நீட்டுவது எங்களுக்கு மானக்கேடு. எந்த ஒப்பந்தத்துக்கும் முந்திய சட்டம் அது.

தட்டைக் கண்டதும் தனுஜா மிஸ்ஸுக்கு முகம் வெளிறிவிட்டது. வந்தவர்களின் தலைவரோ என்னவென்று தெரியாமலே புகையிலையை எடுத்து முகர்ந்து, "வெரி நைஸ்" என்று போட்டோவுக்கும் நின்றார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவர்களோடு வந்து பின்னால் நின்ற பர்மாக்காரப் பெண் மட்டும் ஏமாறவில்லை. அவர் பல் டாக்டராம். அவருடைய நாட்டிலும் இதே தட்டுத்தானாம். தெரேசம்மாக்கா பெருமையில் வாய் கொள்ளாமல் சிரித்தபோது, அந்தப் பெண் கிட்டே வந்து வாயைத் திறக்கும்படி சைகை காட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது விருந்தாளியிடம் எப்படி மறுப்பது? அக்கா திறந்தார். போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்த அந்தப் பெண்ணின் முகம் மாறியது. எங்கள் சிரிப்பும் நின்றது.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்றாங்க" என்றார் தனுஜா மிஸ்.

"ஐயோ, இன்னைக்கு எப்படிங்க? வந்தவங்களுக்குச் சாப்பாடு போட வேணாமா?"

அந்தப் பெண் மெல்ல ஏதோ சொன்னார். தனுஜா மிஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "அவங்க அம்மாவும் இப்படித்தானாம். டாக்டர் மகளுக்கே வாயத் தொறந்து காட்டலியாம்."

"இப்ப எப்படி இருக்காங்க?" என்றார் அக்கா.

மிஸ் அதை மொழிபெயர்த்துக் கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

தெரேசம்மாக்கா மெரினாவைப் பார்த்தார். வாயில் ஒதுக்கியிருந்த வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"செருப்பப் போட்டுக்கிட்டு வாடி, போவோம்" என்றார்.