முன்னுக்கு வைத்த கால்

என் தங்கச்சி றுமானா காலையில் சாய்ந்தமருதில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுவாள். அசர் தொழுகைக்குப் பிறகு கல்முனையில் ஆட்களை உதைப்பாள். தனியாக அனுப்ப மாட்டேன் என்று உம்மா ஒற்றைக்காலில் நின்றதால் அக்கா என்று நானும் கூடப் போவேன். பல வருடமாகப் பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்து பார்த்ததில் எனக்கும் கிக்பொக்ஸிங் பாதி தெரியும். உதை வாங்காத பாதி.

இரும்புக்கடைக்கு மேல்மாடியில்தான் பயிற்சி. முதலில் கயிறடிப்பு, வியர்வை நிலத்தில் சொட்டும் வரை. பிறகு கண்ணாடிக்கு முன்னால் காற்றோடு சண்டை. முகத்தைக் காக்கிற கை கொஞ்சம் தாழ்ந்தாலும் பயிற்சியாளர் மிஹ்லார் சேரின் சத்தம் சந்தை வரை கேட்கும். அடுத்தது பை. மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய துண்டுகளை அடைத்த பை அது, அடிப்பக்கம் கல்லாக இறுகிக் கிடக்கும். அதில்தான் தொடைக்கு உதைக்கப் பழகுவார்கள். பாதத்தால் இல்லை, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பால். அதன்பிறகு சோடி சேர்ந்து மோதல். கடைசியில் மல்லாந்து படுத்தால் சோடிக்காரி நின்றபடி வயிற்றில் பாரப்பந்தைப் போடுவாள். இதற்குப் பெயர் விளையாட்டாம்.

றுமானாவின் சோடி பாண்டிருப்புச் சிவரூபினி. மருந்துக்கடையில் வேலை. இருவருக்கும் ஒரே எடை. ஒருத்தி மற்றவளின் வயிற்றில் பந்து போட்டே வளர்ந்தவர்கள். ஆனால் மாகாணத்திலிருந்து அந்த எடையில் ஒருத்திதான் தேசியப் போட்டிக்குப் போகலாம். றுமானாவுக்கு இதுதான் கடைசி வருடம். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் போகிறாள்.

தெரிவுப் போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, மோதலில் றுமானாவின் உதை சிவரூபினியின் இடது தொடையில் பிசகி விழுந்தது. சதை கன்றிக் கறுத்துவிட்டது. உடுப்பு மாற்றுகிற அறையில் நான்தான் ஐஸ் வைத்தேன்.

"சேரிட்டச் சொல்லிராத. போட்டியிலிருந்து என்னை எடுத்துப்போடுவார்," என்றாள் சிவரூபினி.

"சொல்ல மாட்டன்," என்றாள் றுமானா.

அன்றிலிருந்து சிவரூபினி வலது காலை முன்னுக்கு வைத்து, இடது காலைப் பின்னுக்கு ஒளித்து நின்றாள். புதுசாக ஒரு நிலை பழகுகிறேன் என்று சேரிடம் சாட்டுச் சொன்னாள். றுமானா அந்தக் காலின் பக்கமே போகவில்லை.

தெரிவுப் போட்டி மட்டக்களப்பில். அந்த எடையில் வந்ததே இவர்கள் இரண்டு பேரும்தான், நேருக்கு நேர். இருவரும் தன் பிள்ளைகள் என்பதால் சேர் எந்த மூலைக்கும் வரவில்லை. றுமானாவின் மூலையில் தண்ணீர்ப் போத்தலோடு நான் நின்றேன்.

முதல் ரவுண்டில் றுமானாவின் கைதான் ஓங்கியிருந்தது. இரண்டாவதில் சிவரூபினி நிலையை மாற்றினாள். கன்றிய காலையே முன்னுக்கு வைத்து அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். றுமானாவின் பெரிய பலமே தொடைக்கு விடுகிற உதை. அது எழும்பவே இல்லை. அவளுடைய மூக்கில் இரத்தம் வந்தது. சிவரூபினி காலை எடுக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை.

இடைவேளையில் றுமானா மூச்சு வாங்கினாள். "ராத்தா, அந்தக் காலத்தான் முன்னுக்கு வெக்கிறாள்."

"கண்டன். நீ அடிக்க மாட்டாய் எண்டு தெரிஞ்சிதான் வெக்கிறாள். அடி."

"அவளுக்கு நோகும் ராத்தா."

"உனக்கு நோகல்லையா?"

மணி அடித்தது.

மூன்றாவது ரவுண்டில் றுமானா பாதி நேரம் அடி வாங்கிக்கொண்டே பின்னால் போனாள். கயிற்றில் முதுகு முட்டியது. அந்தக் கால் அவளுக்கு முன்னாலேயே நின்றது. அப்போது றுமானாவின் கால் எழும்பியது. பையில் விழுகிற அதே சத்தம். சிவரூபினி அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். நடுவர் எண்ணத் தொடங்கினார். அவள் எழும்பப் பார்த்தாள், கால் கேட்கவில்லை.

றுமானாவின் கையை உயர்த்தினார்கள். அவள் கையை இழுத்துக்கொண்டு நேரே சிவரூபினியிடம் போனாள். நான் ஐஸோடு பின்னால் ஓடினேன்.

"அடிக்க மாட்டாய் எண்டு நம்பித்தான் வெச்சன்," என்றாள் சிவரூபினி.

"நீ வெக்க மாட்டாய் எண்டு நானும் நம்பினன்," என்றாள் றுமானா.

ஒரே வேனில்தான் திரும்பினோம். பாண்டிருப்பில் சிவரூபினி நொண்டி நொண்டி இறங்கினாள்.

தேசியப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிட்டது. அந்த எடையில் றுமானாவோடு மோத வேறு ஆள் இல்லை. பையோடு தனியே மாரடிக்கிறாள். "கால் ஆறினா வருவாள்," என்று சேரிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள்.

போன கிழமை தலைவலி மாத்திரை வாங்க அந்த மருந்துக்கடைக்குப் போனேன். சிவரூபினி ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, இறங்கி வந்து தந்தாள். சுகமா அக்கா என்று என்னைக் கேட்டாள். றுமானாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் றுமானா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கடைக்குப் போனயா ராத்தா? எப்பிடி நடக்கிறாள்?"

"நல்லா நடக்கிறாள். ஏணியிலயும் ஏறுறாள்."

நல்ல செய்தி சொன்னதாகத்தான் நினைத்தேன். "அப்ப கால் ஆறிட்டு," என்று என் தங்கச்சி நிலத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.