அணு கம்பெனி மாப்பிள்ளை

அலுவிகாரை ஊர்க்காரன் உதயராஜுக்கு வந்த வினையெல்லாம் முதலில் பெற்றவளின் வாயால் வந்தது. வெளிநாட்டில் அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப் பெரிய உலை ஒன்று கட்டுகிறார்கள். அதில் குழாய்களுக்கு வெல்டிங் அடிப்பது அவன் வேலை. வெல்டர் என்றால் மதிப்பில்லை என்று நினைத்த அழகாயி, "எம்மவன் அணு கம்பெனியில" என்று கோயிலில் கண்டவரிடமெல்லாம் அளந்துவிட்டாள். அந்தப் பேச்சு யட்டவத்த ஊரில் ஜெயந்தினி வீடு வரைக்கும் போய்விட்டது.

ஜெயந்தினியோடு அவன் ஒரு வருடமாகப் போனில் பேசுகிறான். கட்டினால் அவளைத்தான். லீவில் ஊருக்கு வந்தவன், அது முடிவதற்குள் சம்மதம் வாங்கத் தாயோடு பெண் கேட்டுப் போனான்.

அவளுடைய அப்பா சசிக்குமார் பூச்சிமருந்துக் கடைக்காரர். முன்னால் கடை, பின்னால் வீடு. தேத்தண்ணி வந்தது, வடை வந்தது, பிறகு கேள்வி வந்தது.

"தம்பி, அது வெடிச்சா ஊரே போயிருமாமே?"

"அது அப்படி வெடிக்காதுங்க மாமா. கோளாறு வந்தா தானா அணைஞ்சிரும். இன்னும் பத்த வைக்கவே இல்ல."

"அப்ப ஒரு ஆபத்தும் இல்ல?"

'இல்ல' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலைத்தலத்தில் தினமும் ஆபத்துகளைச் சொல்லிச் சொல்லியே பழக்கியிருந்தார்கள்.

"இருக்குங்க. ஓட ஆரம்பிச்சா உள்சுவர்ல கதிர்வீச்சு ஏறும். எரிபொருள்லயும் கொஞ்சம் இருக்கு, கசிய விடக்கூடாது. குளிர வைக்கிற ஹீலியம் கசிஞ்சா மூச்சு முட்டும். எல்லாத்துக்கும் பாதுகாப்பு இருக்கு."

சசிக்குமார் காதில் கதிர்வீச்சு மட்டும்தான் ஏறியது. அவன் அங்கே இல்லாதது போல அழகாயியிடம் கேட்டார்: "புள்ளகுட்டி பொறக்குமா?"

"அதுக்கெல்லாம் கம்பெனியே பெரிய ஆஸ்பத்திரி வச்சிருக்குங்க" என்றாள் அவள், பெருமையோடு.

"இப்ப அங்க கதிர்வீச்சே கிடையாது மாமா" என்று உதயராஜ் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"நீங்க வெறுங்கையால அளந்து விக்கிறது என்ன, பன்னீரா? இந்த வாடையில இத்தன வருஷம் கெடந்தும் ஒங்களுக்குப் புள்ள பொறக்கலயா?"

சசிக்குமார் எழுந்து நின்றார். "அணுவக்கூட பொறுத்துக்குவேன் தம்பி. இந்த வாய்க்கு எம்பொண்ண குடுக்க மாட்டேன்."

உதயராஜ் வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெயந்தினி பின்னாலேயே ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர், குரலில் கோபம்.

"அப்பா நேத்தே நம்ம கல்யாணத்துக்கு நாள் பாத்துட்டாரு. ஒண்ணும் கேக்காம பொண்ணு குடுத்தா மதிப்பில்லன்னுதான் அதெல்லாம் கேட்டாரு. தலைய ஆட்டிட்டு வடைய திங்க முடியலயா ஒங்களுக்கு?"