டூப்பக்காவும் இரண்டு குதிகால் காலுறையும்

“நான்தான் எடுத்தேன். வலது பக்க டிராயர்ல இருக்கு, எடுத்துக்கோங்க.”

டூப்பக்கா திரையை விட்டுத் திரும்பவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற கணக்காளர் இன்னும் வாயையே திறக்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொள்ள மட்டும் செய்திருந்தார். அவர் கேட்க வந்தது அக்கா எடுத்த விடுப்பைப் பற்றி. டிராயரைத் திறந்தால் அவருடைய கத்தரிக்கோல் இருந்தது. அலுவலகம் முழுக்கத் தேடி, கடைசியில் துப்புரவுத் தொழிலாளியிடம் சண்டைவரை போன கத்தரிக்கோல். வந்த வேலையை மறந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வது அக்காவின் பழக்கம். பாதி நேரம் பதில் சரியாகவே இருக்கும். மீதி நேரம் இப்படி ஏதாவது திருட்டு அம்பலமாகும். “அக்கா, உங்களுக்கு…” என்று யாராவது இழுத்தால், “சர்க்கரை வேண்டாம்” என்பார். “…போன் வந்திருக்கு” என்று அவர்கள் முடிப்பார்கள். “அதுக்கும் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடுவார்.

சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவரை டூப் என்கிறோம். அக்கா கணினிகளுக்கு டூப் தயாரிக்கிறவர். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓடவிட முடியும். உள்ளே ஓடும் அந்தக் கணினிக்கு உடம்பு கிடையாது. ஆனால் தனக்கு எல்லா உறுப்பும் இருக்கிறது என்று அது நம்பினால்தான் வேலையே செய்யும். என் டிஸ்க் எங்கே, என் கார்டு எங்கே என்று அது விழித்தவுடன் தேட ஆரம்பிக்கும். அந்தந்த இடத்தில் அக்கா எழுதிய நிரல் ஒன்று நின்றுகொண்டு, ‘இதோ இருக்கேன் ஐயா’ என்று கூசாமல் சொல்லும். உள்ளே ஓடும் கணினிக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் ‘அப்பாவி’.

“அப்பாவி காதுல பூ சுத்தறதுதாம்மா என் பொழப்பு. இதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க பாரு.”

வேலை செய்யும்போது இரண்டு பேருக்கும் அவரே குரல் கொடுப்பார். அப்பாவிக்குக் கட்டைக் குரல், டூப்புக்குக் கீச்சுக் குரல். “யாருப்பா அங்க?” “நான்தாங்க, கார்டு.” “எந்த கம்பெனி?” “நீங்க கேள்விப்பட்ட கம்பெனிதாங்க.” புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் அவர் யாரோடோ போனில் பேசுவதாக நினைப்பார்கள். இரண்டாம் வாரம் இடம் மாற்றிக் கேட்பார்கள். அப்பாவி முழுதாக ஏமாந்துவிட்டால் அக்கா இரண்டு கைகளாலும் மேசையைத் தட்டுவார். “நம்பிட்டான்!” பக்கத்து மேசையில் இருக்கும் என் தண்ணீர்க் குவளையை நான் முன்கூட்டியே நகர்த்தி வைத்துவிடுவேன்.

இவ்வளவு பெரிய புளுகுமூட்டைக்கு மனிதர்களிடம் மட்டும் பொய் வராது. ஒரு நாள் மேலாளருக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்றார். “என்ன ஆச்சு, காய்ச்…” என்று அவர் கேட்பதற்குள், “இல்ல சார், தூக்கம்” என்று சொல்லிவிட்டார். கணக்காளர் விசாரிக்க வந்த விடுப்பு அதுதான்.

சமீபத்தில் அலுவலகமே பார்ப்பது அவர் கால்களைத்தான். குளிரூட்டிக்குப் பயந்து காலுறை போடுகிறவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலியில் மடக்கி உட்காருவார். கணுக்காலுக்கு மேலே, எலும்பே இல்லாத இடத்தில், துணி மூக்கு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். காலுறைக்கு இரண்டு குதிகால். ஒன்று காலுக்கு, இன்னொன்று காற்றுக்கு. கேட்டால், “என் நாத்தனார் கம்பெனி தயாரிப்பு. தப்பு என்னுது” என்பார்.

அந்தத் தப்பின் கதைக்கு நாத்தனாரைச் சொல்லாமல் தீராது.

அக்காவின் வீட்டுக்காரருடைய தங்கை அவர். இரண்டு அறைகளில் சொந்தமாகக் காலுறைப் பட்டறை நடத்துகிறார். அதற்கு முன் ஒரு பெரிய ஆலையில் வேலை பார்த்தார். அங்கிருந்து கிளம்பிய நாளில் மேற்பார்வையாளரிடம், “உங்க சாக்ஸை நீங்களே தலையில மாட்டிக்கோங்க” என்று சொன்னதோடு நிற்காமல், ஒன்றை மாட்டியும் விட்டிருக்கிறார். ஆகவே திரும்பிப் போகிற பேச்சுக்கு இடமில்லை.

பட்டறையில் இருப்பது ஒரே பின்னல் இயந்திரம். ஆள் உயரம், உச்சியில் நூல் கோன்கள், நடுவில் வட்டமாக ஊசிகள். அதற்கு மூளையாக ஒரு கிழட்டுக் கணினி. கணினிக்குள் ஒரு கார்டு, அதுதான் மென்பொருளின் கட்டளையை வாங்கி இயந்திரத்துக்குச் சொல்லும். அந்தக் கார்டின் ஒரு மூலை கருகிவிட்டது. சூடேறினால் பாதிக் காலுறையில் நின்றுவிடும். அட்டையால் விசிறி, ஆறவைத்து, மறுபடி ஓட்ட வேண்டும். கார்டைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. கணினியை அணைப்பதற்கும் பயம். ஒருமுறை அணைத்துவிட்டு அது மீண்டும் உயிர் பெறுவதற்குள் நாத்தனார் பாதி உயிராகிவிட்டாராம். அதிலிருந்து அணைப்பதே இல்லை.

இந்த லட்சணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலுறை கேட்டு ஆர்டர் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை தொடங்கினால்தான் பள்ளி திறப்பதற்குள் முடியும். விசிறி விசிறி முடிக்கிற வேலை இல்லை அது. கைவிட்டால் ஆர்டரை வாங்கிக்கொள்ள அடுத்து நிற்பது அந்தப் பழைய ஆலை. பட்டறையை மூடிவிட்டு, தலையில் காலுறை மாட்டிய மேற்பார்வையாளர் முன்னால் வேலை கேட்டுப் போய் நிற்க வேண்டியதுதான்.

“நான் ஒரு டூப் போட்டுத் தரேன்” என்றார் அக்கா, வழக்கம்போல யாரும் கேட்பதற்கு முன்பே.

பழைய மென்பொருளைப் பிரதி எடுத்து ஒரு புதுக் கணினிக்குள் அப்பாவியாகக் குடிவைத்தார். கருகிய கார்டுக்குப் பதிலாகப் பொய்க் கார்டு எழுதினார். அது வாங்குகிற கட்டளையை ஒரு சின்னப் பெட்டி இயந்திரத்துக்குக் கடத்திவிடும். நிஜக் கார்டு எப்படிப் பேசும் என்று சொல்ல எந்தப் புத்தகமும் கிடைக்காததால், அது ஓடும்போதே அதன் உலோகக் கால்களில் மெல்லிய கம்பிகளைக் கவ்வவிட்டு, மென்பொருளும் கார்டும் பேசிக்கொண்டதை நாள் கணக்கில் ஒட்டுக்கேட்டார். “கூட்டுக் குடும்பத்துல வாழ்ந்தவம்மா நான். ஒட்டுக்கேக்கறது எனக்கு யாரும் கத்துத் தர வேண்டியதில்ல.”

பொய்க் கார்டு பிறந்ததும் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பழசு சரியான சோம்பேறி. சொன்னதைக் காதுல வாங்கிக்கிட்டு, கையைத் தூக்கி ‘இருங்க, வேலையா இருக்கேன்’னு நிக்கும். அப்புறம் மெதுவா கையை இறக்கும். நம்ம ஆளு அப்படியில்ல. தூக்கின கை தெரியாது, அவ்வளவு வேகம்.”

இயந்திரம் ஓடியது. கூடையில் விழுந்த முதல் காலுறைக்கு இரண்டு குதிகால்.

அடுத்ததற்கும் அப்படியே. நாத்தனார் ஒவ்வொன்றாகச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். “ஒட்டகம்” என்று பெயர் வைத்தார். “அண்ணி, ஒட்டகம் படிக்கிற பள்ளிக்கூடம் ஏதாவது தெரியுமா?” ஒவ்வொரு சோதனை முடிந்ததும் புதுக் கணினியிலிருந்து இயந்திரத்தின் கேபிளைப் பிடுங்கிப் பழையதிலேயே செருகிவிடுவார். அதை மட்டும் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் செய்வார்.

கடைசிச் சனிக்கிழமை அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். “நீ வந்தா பேசமாட்டே. எனக்கு அதுதான் வேணும்.”

அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் இருப்பது பார்க்கவேண்டிய காட்சி. நாத்தனார் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார். நடுவில் ஊசியில் நூல் கோப்பார், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அதன்பிறகு வாக்கியத்தை முடிப்பார். அக்காவோ அந்த இடைவெளியில் மூன்று பதில் சொல்லியிருப்பார்.

அன்றைய முதல் காலுறை விழுந்தது. நாத்தனார் அதற்குள் கையை விட்டு விரித்தார். இரண்டு குதிகால்.

“அண்ணி…”

“பார்த்துட்டேன். ஒட்டகம்தான்.”

“அதில்ல, நான்…”

“திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும். சொன்னா சொன்னதுதான்.”

“அண்ணி, நான்…”

“பழசை மட்டும் அணைச்சுடாதே. அணைக்கலாமான்னுதானே கேக்கப் போறே? ஓடட்டும் ஒரு ஓரமா.”

நாத்தனார் காலுறையை மேசைமேல் வைத்தார். ஊசியையும் வைத்தார். அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“டீயா காப்பியான்னு கேக்க வந்தேன். மூணு தடவை ஆரம்பிச்சாச்சு! நீங்க முந்திக்கிட்டு ஏதோ ஒண்ணைச் சொல்லிடறீங்க. கேட்டேனா, இல்ல மனசுக்குள்ளயே நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுது. அதான் மறுபடி மறுபடி கேக்கறேன். என் அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்தறாரோ!”

அக்காவுக்கு இதற்கும் பதில் இருந்திருக்கும். ஆனால் அன்று பதிலுக்குப் பதில் கேள்விதான் வந்தது.

“கடைசியா என்ன சொன்னே?”

“எங்கண்ணன் பாவம்னு.”

“அது தெரிஞ்ச விஷயம். அதுக்கு முன்னாடி.”

“சந்தேகம் வந்து… மறுபடி கேக்கறேன்னு.”

“அப்பாவி!” என்று கத்தினார் அக்கா. அக்கா தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். அக்கா அதற்குள் விசைப்பலகையில் குனிந்திருந்தார். கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் மாறி மாறி வந்தன.

“குதிகால் போடு.” “போட்டாச்சுங்க.” “என்னது, நான் சொன்னேனா இல்லையா? கார்டு கையே தூக்கலையே? சரி, மறுபடி சொல்றேன். குதிகால் போடு.” “போட்டாச்சுங்க!”

விஷயம் இவ்வளவுதான். நேரான பின்னலுக்கு அந்தப் பழைய மென்பொருள் கட்டளையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். குதிகால் சிக்கலான இடம் என்பதால் அங்கே மட்டும், சொன்னபின் ஒரு கணம் நின்று, கார்டு கை தூக்குகிறதா, அதாவது ‘வேலையா இருக்கேன்’ என்று சைகை காட்டுகிறதா என்று பார்க்கும். பொய்க் கார்டோ மென்பொருள் திரும்பிப் பார்ப்பதற்குள் கையைத் தூக்கி இறக்கிவிடுகிறது. தூக்கிய கையைக் காணாததால், தான் சொன்னது காதில் விழவில்லை என்று நினைத்து மென்பொருள் இன்னொரு முறை சொல்கிறது. பழைய கார்டின் சோம்பேறித்தனத்தை அக்கா பிழை என்று நினைத்து வெட்டி எறிந்திருந்தார்.

“வேகமாப் பொய் சொல்லியிருக்கேன்மா” என்றார் என்னிடம். முகம் சுருங்கிப்போயிருந்தது. “கொஞ்சம் யோசிச்ச மாதிரியாவது நடிக்க வேண்டாமா?”

அவர் சேர்த்தது, தூக்கிய கையைக் கொஞ்சம் பொறுத்து இறக்கச் சொல்லும் ஒரே வரி. அதன் பக்கத்தில், அடுத்து படிக்கிறவர்களுக்காக, ‘இங்கே அவசரப்படாதே’ என்று குறிப்பு எழுதினார். நாத்தனார் எட்டிப் பார்த்து, “இதை அச்சடிச்சு உங்க நெத்தியில ஒட்டிக்கோங்க” என்றார்.

இயந்திரம் திரும்ப ஓடியது. இறங்கி வரும் குழாய்த் துணியை மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குதிகால் வந்தது. ஊசிகள் ஒரு கணம் தயங்கின. பிறகு நேராகப் பாதம், பிறகு விரல், பிறகு கூடையில் தொப்பென்ற சத்தம். நாத்தனார் அதை எடுத்து விரித்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். தன் காலிலேயே மாட்டிக்கொண்டு தரையில் இரண்டு மிதி மிதித்தார். ஒரு கால், ஒரு குதிகால்.

“நம்பிட்டான்” என்றார் அக்கா. மேசையைத் தட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

மதியம் முழுக்க ஓடவிட்டார்கள். கூடை நிறைந்தது. ஒட்டகம் ஒன்றுகூட இல்லை. கேபிள் புதுக் கணினியிலேயே இருந்தது. நாத்தனார் பள்ளிக்கூடத்து நீலநிற நூல் கோன்களைத் தூக்கி இயந்திரத்தின் உச்சியில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, மூலையில் இரைந்துகொண்டிருந்த கிழட்டுக் கணினியின் பக்கம் போய் நின்றார். அதன் தலையில் படிந்திருந்த நூல் தூசியைக் கையால் துடைத்தார்.

“அண்ணி…”

அக்காவின் உதடு பிரிந்தது. பதில் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை உயர்த்தினார்.

நாத்தனார் ஊசியை எடுத்தார். நூலைக் கோத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் அப்படியே நின்றது.

“…இனிமே இதை அணைச்சுடட்டுமா?”

கேள்வி முடிந்துவிட்டது. விரல் இறங்கவில்லை. அக்கா நாத்தனாரைப் பார்த்தார், நீல நூலைப் பார்த்தார், சுவரில் வரிசையாகத் தொங்கும் ஒட்டகங்களைப் பார்த்தார். அதன் பிறகு விரல் மெல்ல மெல்ல இறங்கி, பழைய கணினியின் சுவிட்சைக் காட்டி நின்றது.