சாவிக்காரி பாகீரதி வாங்கிய கொக்கிகள்

பாகீரதி அந்தப் பார்சலை வீட்டு விலாசத்துக்கு வரவழைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நல்ல வீடு, கீழே காவல்காரர் கூட உண்டு. ஆனால் பவானிபூரில் அவள் வேலை பார்த்த வங்கிக் கிளையில் ஒரு பழக்கம். யார் எதை வாங்கினாலும் கிளை விலாசம்தான். பெயரும் போன் நம்பரும் பியூன் சுப்பையாவுடையது. பெட்டக அறைக்குள் போகிறவர்கள் போனை டிராயரில் வைத்துவிட்டுப் போக வேண்டும், டெலிவரிக்காரன் கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்காது என்று யாரோ ஆரம்பித்து வைத்தது. புடவை, குக்கர் கேஸ்கட், மூட்டுவலித் தைலம் எல்லாம் சுப்பையா பெயரில்தான் வந்து இறங்கும். பாகீரதியும் யோசிக்காமல் அதையே செய்தாள். எதற்கு? பூட்டைச் சாவியில்லாமல் திறக்கிற கொக்கிகளுக்கு! தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது.

ஏனென்றால் அவள் சாதாரண ஆபீசர் இல்லை. கிளையின் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜர் சென்குப்தாவிடம், இன்னொன்று பாகீரதியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு அசையும். அந்தச் சாவியைச் சின்னத் துணிப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவள் காய்கறி வாங்குவாள், கல்யாணத்துக்குப் போவாள், பூஜா பந்தல் கூட்டத்தில் நசுங்குவாள். சொந்தக்காரர்கள் சாவிக்காரி என்று கேலி செய்வார்கள். செய்யட்டுமே, அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். பதவி உயர்வில் இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். சாவியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. ஆபீசில் அவளுக்கென்று இருந்த மரியாதை முழுக்க அந்தத் துணிப்பைக்குள் இருந்தது என்றே சொல்லலாம்.

கொக்கி ஆசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வீட்டு பீரோ சாவி தொலைந்து, தெருவில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போன சாபிவாலாவைக் கூப்பிட்டார்கள். அவர் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார், ஏதோ செய்தார், பீரோ திறந்துகொண்டது. எட்டிப் பார்த்தால் தோளை இன்னும் அகலமாக்கிக்கொண்டார். இத்தனை வருஷமாக தினம் பூட்டைத் திறக்கிறோம், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாதே என்று பாகீரதிக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ராச்சாப்பாடு ஆனதும் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். உலகம் முழுக்க இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கணவர் ராகவன் ஏதாவது ஒன்றை வாங்கித் தொலையேன் என்று அலுத்துக்கொள்கிற அளவுக்கு அவள் தேர்ந்தெடுத்தாள். முதலில் கண்ணைப் பறித்தது தோல் உறையில் வரிசையாகச் செருகியிருந்த பெரிய செட். பல் டாக்டர் மேஜை மாதிரி அத்தனை சாமான். அனுபவஸ்தர்கள் எல்லோரும் ஒரே குரலில் அதை வாங்காதே என்று எழுதியிருந்தார்கள். முக்கால்வாசியைத் தொடவே மாட்டாய், மட்டமான இரும்பு, பூட்டுக்குள் முறிந்து மாட்டிக்கொள்ளும். ஆரம்பிக்கிறவருக்கு நுனி வளைந்த கொக்கி ஒன்றிரண்டு, ரம்பப் பல் போன்ற கம்பி ஒன்று போதும். அதைவிட முக்கியம், பூட்டின் வாயில் வைத்து லேசாகத் திருகிப் பிடிக்கிற தட்டைக் கம்பி. அது மட்டும் கனத்திலும் மெலிசிலுமாக இரண்டு மூன்று வேண்டும். பழகுவதற்கு, உள்ளே தெரிகிற கண்ணாடி போன்ற பூட்டு. அது பொம்மை மாதிரி இருக்கிறதே என்று தயங்கி, பிறகு மனசு கேட்காமல் அதையும் சேர்த்தாள்.

இந்தப் பொழுதுபோக்குக்கு இரண்டு சட்டம் உண்டாம். உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே. உன்னுடையதே ஆனாலும் தினம் புழங்குகிற பூட்டைத் தொடாதே, கெட்டுப்போகும். சட்டம் என்றால் பாகீரதிக்குச் சர்க்கரை. அப்படியானால் இது கௌரவமான விஷயம்தான் என்று நிம்மதியாக ஆர்டர் போட்டாள், சுப்பையா பெயரில்.

பார்சல் வந்தது எப்போது என்கிறீர்கள்? கிளையில் இன்ஸ்பெக்‌ஷன் நடந்துகொண்டிருந்தபோது. மேலிடத்திலிருந்து வந்திருந்தவர் வெங்கடநாராயணன், கும்பகோணத்துக்காரர். கிளையில் தமிழ் பேச ஆள் கிடைத்ததில் மனுஷர் குளிர்ந்துபோய், என்னம்மா, ஏம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் அவளிடம் விசாரித்துவைத்திருந்தார். பெட்டகச் சாவி பராமரிப்பு பிரமாதம் என்று காலையில்தான் பாராட்டியிருந்தார்.

டெலிவரிக்காரன் வாசலில் சுப்பையா பெயரைக் கத்தியபோது அவர் அங்கேதான் நின்றிருந்தார். அட்டைப்பெட்டியின் மேல் உள்ளே இருக்கும் பொருளின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. சந்தேகப்பட இடமில்லாமல் ஒரு பூட்டுப் படம் வேறு. வாங்கிப் படித்தார். பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். கம்பிகள் மேஜையில் கொட்டின. இது யாருடையது என்று ஹிந்தியில் கேட்டார்.

பாகீரதி பெட்டக அறையிலிருந்து வெளியே வந்தது அந்த நேரம். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது.

சுப்பையா சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், தமிழைவிட வங்காளி சரளம். காண்ட்ராக்ட் வேலை, ஒரு வார்த்தை புகார் போனால் நாளைக்கு வேறு ஆள் வந்துவிடும். ஆள் அவளைப் பார்த்தார். அவள் இடுப்பில் செருகியிருந்த சாவிப்பையைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, “என்னோடதுதான் சார்,” என்றார்.

வெங்கடநாராயணன் மேனேஜர் பக்கம் திரும்பி, காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள், இந்த ஆள் இன்றோடு போகட்டும், போலீசுக்குச் சொல்வதா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். மேனேஜர் போனை எடுத்தார்.

பாகீரதி வாயைத் திறக்கவில்லை. அவளை நல்லவளாகவே காட்ட எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது இது. துணிப்பை இடுப்பில் சுட்டது. பேசாமல் இருந்தால் சாவி தங்கும். சுப்பையாவுக்கு வேறு வேலை பார்த்துத் தரலாம், ராகவன் கம்பெனியில் சொல்லிப் பார்க்கலாம் என்றெல்லாம் மனசு வேகவேகமாகக் கணக்குப் போட்டது. என்ன கேவலமான மனசு என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மேனேஜரின் போனில் மறுமுனை எடுக்கிற சத்தம் கேட்டது.

“சார், அது என்னோடது. நான்தான் வரவழைச்சேன். சுப்பையாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

மேனேஜர் போனை வைத்துவிட்டார். அதுவரை ஏம்மா என்று தமிழில் பேசிக்கொண்டிருந்த வெங்கடநாராயணன் மேடம் என்று ஆரம்பித்து இங்கிலீஷுக்கு மாறினார். காரியம் கெட்டது என்று பாகீரதிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விளக்கம் சொன்னாள். சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. பொழுதுபோக்கு என்றாள், பெட்டகச் சாவி வைத்திருப்பவருக்கா என்றார். இந்தக் கம்பிகள் பெட்டகத்தின் பூட்டை ஒன்றும் செய்யாது, அதன் உள்ளமைப்பே வேறு என்றாள் அவசரமாக. அப்படியா, அதையும் பார்த்துவைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டபோது, நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் அந்தக் கண்ணாடிப் பூட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“மேடம், ப்ளீஸ் ஓபன் இட்.”

அவருக்கும் விஷயத்தை இழுக்க இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இந்த அம்மாள் தட்டுத்தடுமாறி முழித்தால் எல்லோரும் சிரித்துவிட்டு, பொம்மைச் சாமான் என்று எழுதி மூடிவிடலாம். மேனேஜரும் அவள் காதோரம், “ஹோபே நா, பாகீரதி தி, சேடே தின்,” என்றார். வராது அக்கா, விட்டுவிடுங்கள் என்று அவர் வங்காளியில் சொன்னதில் கெஞ்சல் இருந்தது. திறக்காமலிருந்தால் சாவி பிழைக்கும். அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? அவள் ஜன்மத்தில் ஒரு பூட்டைக்கூட இப்படித் திறந்ததில்லை.

உட்கார்ந்தாள். கனமான தட்டைக் கம்பியை எடுத்தாள்; கை தானாக அதை வைத்துவிட்டு மெலிசை எடுத்தது. பூட்டின் வாயில் செருகி, சுண்டுவிரலால் தள்ளுகிற அளவுக்கு மட்டும் திருகிப் பிடித்தாள். கொக்கியை உள்ளே விட்டாள். உள்ளே சின்னச் சின்னக் குச்சிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் தூக்கினாள், நின்றது. அடுத்தது. கை வியர்த்து வழுக்கியது, முந்தானையில் துடைத்துக்கொள்ளக்கூடப் பயமாக இருந்தது. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அழுத்தம் அதிகம் என்று புரிந்து, பிடியைத் துளி தளர்த்தினாள். அதுவும் ஏறி நின்றது. இனி ஒன்றே ஒன்று பாக்கி. கொக்கி அதன் அடியில் இருந்தது. பூட்டு இடம் கொடுக்கத் தயாராகிவிட்டதை விரலில் உணர்ந்தாள்.

விட்டுவிடு, பாகீரதி. கையை எடு, வரலை சார் என்று சொல், எழுந்து போ. அவளும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விரல் கேட்கவில்லை.

டக்.

கிளை முழுக்கக் கேட்டது. வளையம் துள்ளி மேலே வந்தது. அதோடு போயிருந்தாலும் தற்செயல் என்று சமாளித்திருக்கலாம். பாகீரதி சிரித்துவிட்டாள். வாயெல்லாம் பல்லாக, பரீட்சையில் தேறிய பெண்ணைப் போல, நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். சுப்பையா மட்டும் பதிலுக்குச் சிரித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வெங்கடநாராயணன் சிரிக்கவில்லை. பூட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு கையை நீட்டினார். குரல் மறுபடி தமிழுக்கு வந்திருந்தது.

“தப்பா நினைச்சுக்காதேங்கோம்மா. சாவியைக் குடுத்துடுங்கோ.”

இடுப்பிலிருந்து துணிப்பையை உருவ அவளுக்கு நேரமானது. முடிச்சு இறுகிக் கிடந்தது. அங்கேயே வேறொரு ஆபீசர் பெயருக்குச் சாவி மாற்றி எழுதப்பட்டது. சுப்பையாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு டீ கொண்டுவரப் போய்விட்டார். கம்பிகளையும் பூட்டையும் அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவற்றை வைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் விருப்பமில்லை.

மெட்ரோவில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் இருப்பதைப் பார்க்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி அந்தக் கிளையில் அவளை யார் தேடி வருவார்கள்? காலையில் அவள் வருகிறாளா என்று மேனேஜர் வாசலைப் பார்ப்பதெல்லாம் முடிந்தது.

ராகவன் கதவைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “என்னாச்சு?” என்றார்.

“சாவியை வாங்கிண்டுட்டா.”

ராகவன் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பாகீரதி அவர் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள். கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது.

“ஆனா திறந்துட்டேன். முதல் தடவையே திறந்துட்டேன், தெரியுமா?”