முற்றத்தில் மூன்று கூறு

கிண்ணியாவில் ஜெஸ்மினைத் தெரியாத மனிதர்கள் இருக்கலாம். அவளுடைய மீன் பணிஸைத் தெரியாத வயிறு கிடையாது. விடியச் சுபஹு தொழுத கையோடு, பணிஸ் வேகும் கரண்ட் அடுப்பான அவணைப் போட்டாள் என்றால், ஏழு மணிக்குப் பணிஸ் பெட்டிகள் ஸ்கூட்டியில் ஏறிப் பாலம் கடந்து, திருகோணமலை பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைகளில் இறங்கிவிடும். பெட்டியைத் திறக்க முதலே கடைக்குள் கை நீளும்.

புருசன் ரிஷாத் கடல்தொழில். இருவருக்கும் பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவன் கடலில் நிற்கும்போது இவள் நித்திரை. இவள் அவணடியில் நிற்கும்போது அவன் நித்திரை. மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து கடன் எடுத்தார்கள். ஒன்பதாம் வருடம் காதியாரிடம் போய் மரியாதையாகப் பிரிந்தார்கள். பிரிந்தபின் அவள் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலமும் முடிந்தது.

வீட்டில் பிரச்சினையில்லை, சீதனமாக வந்த வீடு, அவளுக்குத்தான். பிரச்சினை சாமானும் கடனும். போட் என்ஜின் வாங்க, மாதர் குழுவில் ஜெஸ்மின் பெயரில் எடுத்த கடன் இன்னும் இரண்டு லட்சம் கிடந்தது. அது அவள் தலையில் விழுந்தால் அவணை விற்க வேண்டும். அவண் போனால் பணிஸ் போச்சு, பணிஸ் போனால் சோறு போச்சு.

பிரிக்கிற அன்று ரிஷாத்தின் மூத்த சகோதரி ஸாலிஹா வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"கடன் அட்டையில ஆர்ர பேர் கிடக்கோ, கடனும் அவவுக்குத்தான். என்ஜின் என்ட தம்பிக்கு. இதுல என்ன கதை?"

"அப்ப கலியாண அட்டையில உங்கட பேரும் கிடந்ததுதானே மதினி, நீங்களும் கொஞ்சம் கட்டுங்க," என்றாள் ஜெஸ்மின். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஸ்மியா சிரித்த சிரிப்பில் மதில் ஆடியது.

"சண்டை வேணாம். கரையில மீன் பிரிக்கிற மாதிரிப் பிரிப்பம்," என்றாள் ஜெஸ்மின். "கூறு அவரே வைக்கட்டும்."

ரிஷாத்தின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. கரையில் கூறு வைப்பவன் அவன்தான். மீனைக் குவியல் குவியலாக வைப்பான், ஒருவர் முதுகு காட்டி நிற்க, இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டியவர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அவருக்கு அது. தன் கூறு எது என்று வைத்தவனுக்கே தெரியாது. அதனால் களவுக்கு இடமில்லை.

முதுகு காட்ட, ரிஷாத்தோடு ஒரே படகில் போகும் முஹம்மது தம்பி காக்கா வந்தார். போட் என்ஜினும் மற்றச் சாமான்களும் முற்றத்துக்கு வந்தன. கடன் துண்டுகளைச் சாமானோடு சாமானாக வைத்து, மேலே கல் வைத்தார்கள். ரிஷாத் சாரத்தை மடித்துக் கட்டினான். அவணை இந்தப் பக்கம் தள்ளினான், பிரிட்ஜை அந்தப் பக்கம். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். டிவியைத் தூக்கி மாற்றினான். ஒரு பெரிய சீலா மீனுக்கு எத்தனை சாளை ஈடு என்று பார்க்கிற அதே பார்வை.

"டேய், அந்த அட்டையை அவட பக்கம் வை!" என்று கத்தினாள் ஸாலிஹா.

"சத்தம் போடாத ராத்தா, கூறு பிழைக்கும்."

அந்த நேரம்தான் அவனுடைய கை அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கரையில் மீன் பிரிக்க முதல் என்ஜினுக்கு ஒரு பங்கைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதை எடுப்பவர் தலையில்தான் டீசலும் என்ஜின் கடனும். பத்து வருடப் பழக்கம். ரிஷாத் என்ஜினை முருங்கை மரத்தடிக்கு இழுத்தான், கடன் அட்டையை அதன் கீழ்ச் சொருகினான், கையைத் தட்டிவிட்டுக் கரையில் கத்துவதுபோலவே கத்தினான்:

"என்ஜின் பங்கு தனீ! மத்தது ரெண்டு கூறு!"

ஜெஸ்மின் கேட்டாள்: "என்ஜின் பங்கு ஆருக்கு?"

"எனக்குத்தான், வேற ஆருக்கு?"



"மடையா! கடனையுமெல்லோ சேத்து எடுத்துப்போட்டாய்!" ஸாலிஹா தலையில் கை வைத்தாள்.

ரிஷாத் அட்டையை எடுக்கக் குனிந்தான்.

"வச்ச கூறில கை வைக்கிறியா?" என்றார் முஹம்மது தம்பி காக்கா. "அப்ப நாளைக்குக் கரையில ஆரு உன்னைக் கூறு வைக்க விடுவான்?"

கை திரும்பிவிட்டது. "கடனுக்குக் கட்டுற வாரக் காசை வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முதல் தாறன்," என்றான், முருங்கை மரத்தைப் பார்த்து.

ஜெஸ்மின் கதவுக்குப் பின்னால் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு குதித்தாள். குதித்து முடித்துத் திரும்பும்போதுதான் பார்த்தாள்: அவண் இன்னும் கூறில் நிற்கிறது. ஒரு பக்கம் அவணும் பலசரக்குக் கடைக் கடன் கொப்பியும். மற்றப் பக்கம் பிரிட்ஜும் டிவியும், பிரிட்ஜுக்குக் கட்ட வேண்டிய தவணையும்.

காக்கா முதுகு காட்டினார். ஸாலிஹா அவணில் கை வைத்தாள். "இது ஆருக்கு?"

"ரிஷாத்துக்கு!"

அஸ்மியாவின் தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"வித்துப்போடு தம்பி! டவுனில அறுபதாயிரத்துக்குப் போகும்!" என்றாள் ஸாலிஹா.

ஜெஸ்மின் தானே கேட்ட விளையாட்டு, அழவும் ஏலாது. "கூறு மாத்துவமா?" என்றாள்.

ரிஷாத் அவணைப் பார்த்தான். பிறகு அவளுடைய முன்கையைப் பார்த்தான். சூட்டுத் தட்டை இழுத்து இழுத்து விழுந்த தழும்புகள், முழங்கை வரைக்கும். ஒன்பது வருடத்தில் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறவன்போல நின்றான்.

"நான் இதுக்குள்ள என்னத்தை வைக்கிறது, கணவாயையா? பிரிட்ஜ் எண்டா ஐஸாவது போடலாம். மாத்துவம்."

"மேல காசு கேளடா!"

"கூறு மாத்தினா மேல காசு கேக்கிறதில்ல ராத்தா. ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் நிக்குது!" ஸாலிஹா சொன்னது உண்மை. அஸ்மியாவின் தலை திரும்பவும் மேலே வந்திருந்தது.

ரிஷாத்தும் காக்காவும் பிரிட்ஜை லொறியில் ஏற்றி முடிக்குமுன், ஜெஸ்மினும் அஸ்மியாவும் அவணைக் குசினிக்குள் இழுத்துவிட்டார்கள். மதினி திரும்பவும் வாயைத் திறப்பதற்குள் ஜெஸ்மின் வயரைச் சொருகி, சுவிட்சைத் தட்டினாள். சூடான அவணை எவரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.